கண்விதுப்பும் கண்படையும்

கண்ணை மூடிக் கிடந்தும் உறக்கம் கூடாமையும், மூடிய கண் மூடியபடி நில்லாது மீண்டும் மீண்டும் திறத்தலும் மக்களுட் பலர் இரவில் உறும் இடுக்கண்களாம். இவ்விடுக்கணை மருத்துவர் ஆராய்ந்துள்ளனர், புலவர் பாடியுள்ளனர், சித்தாந்த நூலார் உறக்கமும் விழிப்பும் உயிர்க்கு எய்துமாற்றை எண்ணி வகுத்துள்ளனர். இம்மூவர் கூற்றும் ஓரிடத்தே ஒத்து நிற்குமாறும், அவ்வொற்றுமையைக் காட்டுதற்குரிய ஒரு தமிழ்ச்சொல் சிறந்ததோர் ஆங்கில மொழிபெயர்ப்பில் நழுவியவாறும் ஈண்டு ஆராயப்படும்.

நீலமலைக்குச் செல்லும் சமவெளியார் இவ்விடுக்கணை எளிதில் அறிவர். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தது. இவ்விரண்டனையும் இணைக்கும் மலை இரயில்பாதை ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுடையது. 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் அது திறக்கப்பெற்றது. பகலில் அவ்வழியே ஏறிச் சென்றார் சிலர், அன்றிரவு இரண்டு கம்பளிக்குள் கிடந்தும் கண்படப் பெறாது விடியல் காண்பர். குளிர், மெலிந்த காற்று, மாலையிற் பருகிய தேநீர் எனக் காரணங்கள் கூறப்படும். தேயிலையில் உள்ள காபீன் என்னும் பொருள் மூளையில் உறக்கக் களைப்பை அறிவிக்கும் அடினோசினின் செயலைத் தடுப்பது. பருகி ஐந்து மணி நேரம் சென்ற பின்னும் பெரும்பாலார் உடம்பில் அதன் பாதியளவு எஞ்சியிருக்கும். ஆதலின் தேநீரின்மேற் கூறும் பழி முற்றும் பொய்யன்று.

ஆயினும் குளிரும் தேநீரும் இல்லாத புதிய இடத்திலும் முதலிரவின் உறக்கம் குறைவுபடுதல் கண்கூடு. 2016ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிரௌன் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து, புதிய இடத்து முதலிரவில் மூளையின் இடப்பாதியின் ஒரு பகுதி வலப்பாதியளவு ஆழ்ந்துறங்காமல், சிறு ஒலிக்கும் விரைந்து விழிக்கும் நிலையில் நிற்கின்றது என்று கண்டனர். உடம்பு கட்டிலிற் கிடக்க, உள்ளே ஒரு காவல் நின்றுகொண்டிருக்கின்றது என்பது இதன் கருத்து. கண் மூடப்பட்டதாயினும் உறக்கம் முழுதும் எய்தாமைக்கு ஏது கண்ணில் இல்லை. எதனையோ எதிர்நோக்கி நிற்கும் உள்நிலையில் உள்ளது. இவ்வெதிர்நோக்கிற்குத் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு. அது விதுப்பு என்பது.

அச்சொல் திருக்குறளின் 118ஆம் அதிகாரப் பெயருள் நிற்கின்றது: கண்விதுப்பழிதல். இவ்வதிகாரத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவருள் தலைசிறந்தவர் ஜி. யு. போப்பையர். அவர்க்கும் நீலமலைக்கும் தொடர்பு உண்டு. 1820இல் பிறந்து 1839இல் தமிழ்நாடு போந்து, சாயர்புரத்தினும் தஞ்சையினும் தொண்டாற்றிய அவர், பின்னர் உதகமண்டலம் சென்று ஆண்டொரு பள்ளிக்கூடம் நிறுவி, 1870 வரையில் அதன் தலைமையாசிரியராய் விளங்கினர். அம்மலையின் தொல்குடியினராகிய தோடருடைய மொழிக்கும் அவர் எழுதிய இலக்கணச் சுருக்கம் ஒன்று, மார்ஷல் என்பார் தோடரைப்பற்றி 1873இல் வெளியிட்ட நூலின் இறுதியில் உள்ளது. பின்னாளில் ஆக்ஸ்போர்டில் தமிழாசிரியராய் அமர்ந்து, 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும், 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கி வெளியிட்டனர். சைவ நன்மக்கள் அவர்பால் நன்றியுடையர். குற்றம் காண்டற்கென்றே குற்றம் கூறுதல் அவர்பாற் செய்யத் தகாதது. உண்மை காண்டற்பொருட்டு ஒரு சொல்லை நிறுத்து நோக்குதலோ அவரே உவக்கும் பணியாம்.

கண்விதுப்பழிதல் என்னும் பெயரைப் போப்பையர் துயரத்தால் தின்னப்பட்ட கண்கள் என்னும் பொருள்பட மொழிபெயர்த்தனர். அழிதல் என்பதன் பொருள் அதனுள் அடங்கிற்று; கண் என்பதும் நின்றது; விதுப்பு என்பதன் இடத்தே துயரம் புகுந்தது. விதுப்பாவது விரைவு, வேட்கையாற் பிறந்த விரைவு. பரிமேலழகர் இவ்வதிகாரத்திற்கு, தலைவியின் கண்கள் தலைவனைக் காணும் வேட்கையால் விரைந்து வருந்துதல் என்பதே கருத்தாகக் கொண்டனர். துயரம் பயன், விரைவு காரணம். காரணத்தைக் கூறும் பெயரைப் பயனைக் கூறும் பெயராக மாற்றினமையால், அதிகாரத்தின் உயிர்நிலை மறைந்தது என்க.

அற்றேல், காதலனைப் பிரிந்தாள் துயருறுதல் உண்மையன்றோ, துயரமே அவள் உறக்கத்தைக் கெடுத்தது எனின் என்னை இழுக்கு என்று வினவுவார்க்கு, அவ்வதிகாரத்தின் ஒன்பதாங் குறளே விடை கூறும். காதலர் வாராதபோதும் கண்கள் துயிலா, வந்தபோதும் துயிலா என்கின்றாள் தலைவி. துயரமே காரணமாயின், அவர் வந்தவிடத்துத் துயரம் நீங்குதலின் கண் உறங்குதல் வேண்டும். உறங்கவில்லை. பரிமேலழகர் இதற்குக் கூறிய விளக்கம் நுண்ணியது: வாராதபோது வரவை எதிர்பார்த்தலால் துயிலா, வந்தபோது மீண்டும் பிரிவரோ என்று அஞ்சுதலால் துயிலா. எதிர்பார்ப்பும் அச்சமும் ஒன்றற்கொன்று மறுதலையாய்த் தோன்றும். இரண்டும் இனி வருவதன்மேற் செல்லும் நோக்கம் என்னும் வகையால் ஒன்றே. இப்போது உள்ளதன்கண் அமையாது இனி வருவதன்மேல் முந்திச் சேறலே விதுப்பு. துயர் உள்வழியும் துயர் இல்வழியும் ஒப்ப நிற்பது அதுவேயாதலின், உறக்கமின்மைக்குக் காரணம் அதுவே எனத் துணியப்படும்.

அதிகார முழுதும் இதற்கு அரண் செய்கின்றது. முதல் மூன்று குறளிலும் தலைவி தன் கண்களைத் தன்னின் வேறாக நிறுத்திப் பழிக்கின்றாள். இந்நோயைக் காட்டியவை இவையே, இன்று என்னை நோக்கி அழுவானேன் என்பாள். பின்விளைவு எண்ணாது நோக்கியவை இன்று வருந்துவானேன் என்பாள். அன்று விரைந்து பாய்ந்து நோக்கியவை இன்று தாமே அழுதல் நகைக்கத்தக்கது என்பாள். ஐந்தாங் குறளில், கடலினும் பெரிய காமநோயைச் செய்த கண்கள் உறங்கமாட்டாமற் கிடந்து வருந்துகின்றன என்கின்றாள். அன்று நோக்குதற்கு விரைந்த விரைவே இன்று மூடுதற்கு ஒவ்வாத விரைவாயிற்று என்பது இம்முறைவைப்பாற் பெறப்படும். துயரம் என்று மட்டும் கூறின், மூன்றாங் குறளின் விரைவுக்கும் ஐந்தாங் குறளின் துயிலாமைக்கும் உள்ள பிணைப்பு அறுந்துபோம்.

இனி, தலைவி கண்களைப் பழித்தது தகுமோ எனின், காமத்துப்பாலின் சுவைக்கு அது தகும். தத்துவ நோக்கிற்குத் தகாது. சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரம், ஐம்பொறிகள் உயிரின் உதவியால் தத்தம் புலனை அறிவனவேயன்றித் தம்மை அறிவிக்கும் உயிரை அறியா என்றும், அவ்வாறே உயிரும் இறைவன் உதவியால் அறிவதாயும் அவனை அறியாது நிற்கும் என்றும் உணர்த்தும். கண் தானே விரைந்து பாய்வதன்று; உயிர் விரைந்தவழி கண் விரைந்தது. ஏவலாளன் செய்ததற்குத் தலைவன் அவனையே முனிதல் போலும் தலைவியின் பழிப்பு. அவள் அறியாமையை நமக்கு அறிவித்து நகையும் அவலமும் ஒருங்கே தோன்றச் செய்தமை திருவள்ளுவனாரின் திறம்.

இப்பழிப்பு காதலியர்க்கே உரியதன்று. உறக்கம் வாராது கிடப்பார் யாவரும் இவ்வாறே தம் கண்களோடு வழக்காடுகின்றனர். மூடு என்று கண்ணை ஏவுகின்றனர், மூடியபின் மூடியிருக்கின்றதா என்று சோதிக்கின்றனர், திறந்தபோது வெகுள்கின்றனர். இவ்வழக்கு ஏன் வெல்லாது என்பதைத் தமிழ்மொழியின் இலக்கணமே காட்டுகின்றது.

உறங்குதலைப் பழந்தமிழர் கண்படுதல் என்றும் கண்படை என்றும் வழங்கினர். மூடுதல் என்பது செயப்படுபொருள் குன்றா வினை. கண்ணை மூடினான் என ஒருவன் தன் கண்மேற் செய்யும் தொழிலை அது குறிக்கும். படுதல் என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. ஞாயிறு பட்டது, மழை பட்டது என்புழிப் போலத் தானே நிகழ்வதனைக் குறிக்கும். ஞாயிற்றைப் படுவிப்பார் உலகில் இல்லை. கண் மூடுதல் ஒருவன் செயல். கண் படுதல் ஒருவற்கு நிகழ்வது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதலே இடுக்கண் முழுதிற்கும் வித்து. உறங்கச் செய்தலைக் குறிக்குமிடத்துத் துயிற்றுதல் என்னும் பிறவினை வரும். 117ஆம் அதிகாரத்து எட்டாங் குறளில், எல்லா உயிரையும் துயிலச் செய்துவிட்டு என்னையன்றித் துணையில்லாதிருக்கும் இரவு இரங்கத்தக்கது என்று தலைவி கூறுகின்றாள். ஆண்டுத் துயிற்றும் வினைமுதல் இரவேயன்றித் துயில்வார் அல்லர் என்பது நோக்கத்தக்கது.

இக்கால உடல்நூலாரும் இதற்கு உடன்படுகின்றனர். மேலிமையை உயர்த்தி வைப்பது ஒரு தசை. விழிப்புள்ளவளவும் அது தொழிற்பட்டுக்கொண்டேயிருக்கும். கண்ணைச் சுற்றி வளையமாயமைந்த பிறிதொரு தசை இமைகளை இறுக மூடுவது. உறக்கம் வருங்கால் நிகழ்வது உயர்த்தும் தசை தளர்தல்; அதனால் இமை தானே வீழ்கின்றது. வலிந்து மூடுவானோ, வளையத்தசையைத் தொழிற்படுத்துகின்றான். அது தளர்ச்சியன்று, முயற்சி. முயற்சி நெடிது நில்லாதாகலின் இமை துடிக்கும். சிறிது சென்று திறக்கும். கண்படை என்னும் சொல்லுக்கு, விழுதல் என்னும் பொருள்பற்றி, உடலளவிலும் பொருத்தம் உண்டாதல் வியக்கத்தக்கது.

இமையின் மூடலும் திறப்பும் உறக்கத்திற்கும் விழிப்பிற்கும் இலக்கணம் ஆகாமையும் ஈண்டே அறியப்படும். சித்தாந்த நூலார் கண்ணென்னும் இந்திரியத்தையும் அது நிற்கும் இடமாகிய கோளகத்தையும் வேறு பிரித்தனர். இமை, விழி என்பன கோளகத்தைச் சார்ந்தன. காணும் ஆற்றலே இந்திரியம். இமையை மூடினான் ஒருவன் இருளைக் காண்கின்றான். ஆதலின் இந்திரியம் ஓயவில்லை. மறுதலையாக, இமை முற்றும் மூடாதே நன்குறங்குவாரும் உளர். மீன்களுட் பெரும்பாலானவற்றிற்கு இமையே இல்லை. ஆயினும் அவையும் ஓய்ந்துறங்கும் காலம் உடையன. ஆகவே கண்ணை மூடியபடி வைத்தல் என்னும் பெரும்போர் உறக்கத்தின் வாயிலிலே நிகழ்வதன்று, மதிற்புறத்தே நிகழ்வது.

உள்வாயில் யாண்டுளது எனின், சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் அதனைக் காட்டும். உயிர் அந்தக்கரணங்களின் வேறாயது. ஆயினும் உடனாய மலத்தால் அறிவு மறைக்கப்பட்டமையின், அமைச்சரோடு கூடிய அரசன் போல அக்கரணங்களோடு கூடி நின்றே ஐந்தவத்தைகளையும் எய்தும் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. உலாப்போந்த அரசன் மீண்டு அரண்மனை புகுங்கால், படையையும் பரிவாரத்தையும் வாயில்தோறும் நிறுத்தி, முடிவில் தனியனாய் உள்ளறை சேர்தலை இதற்கு உவமையாகக் காட்டுவர். விழிப்பாகிய சாக்கிரத்தில் உயிர் புருவநடுவை இடமாகக் கொண்டு 35 கருவிகளோடு கூடி நிற்கும். கனவாகிய சொப்பனத்தில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் நீங்க, 25 கருவிகளோடு கண்டத்தில் நிற்கும். ஆழ்துயிலாகிய சுழுத்தியில் சித்தம், பிராணன், புருடன் என்னும் 3 கருவிகளோடு இருதயத்தில் நிற்கும். துரியத்தில் பிராணனும் புருடனுமாகிய 2 கருவிகளோடு நாபியிலும், துரியாதீதத்தில் புருடன் என்னும் 1 கருவியோடு மூலாதாரத்திலும் நிற்கும்.

உறங்க முயன்று உறங்கமாட்டாதான் இவ்வெண்ணில் எங்கே நிற்கின்றான் என்று நோக்குக. அவன் முதல்வாயிலையே கடந்திலன். சாக்கிரத்தினின்றும் இறங்குதற்கு முதற்கண் நீங்கவேண்டுவன இந்திரியங்கள் பத்து. அவற்றுள் ஒன்றாகிய கண்ணை அவன் ஏவிக்கொண்டேயிருக்கின்றான். போ என்று ஏவப்படும் ஏவலாளன், அவ்வேவலைக் கேட்டு நிற்குமளவும் போயினவன் அல்லன். மூடு என்னும் கட்டளையைத் தாங்கி நிற்கும் கண் தொழிலின்கண் நிற்கும் கண்ணேயாம். உள்ளே கரணங்களும் அவ்வாறே தத்தம் தொழிலைச் செய்கின்றன. உறக்கம் வந்ததோ வந்திலதோ என்று மனம் ஐயுறுகின்றது. யான் உறங்கியே தீர்வேன் என்று அகங்காரம் எழுகின்றது. இன்றும் வந்திலது என்று புத்தி நிச்சயிக்கின்றது. நாளை உடல் என்னாமோ என்று சித்தம் சிந்திக்கின்றது. அவை கலைக என்று கூவுதற்கே அமைச்சர் அனைவரும் அவையிற் கூடியிருக்கின்றனர். அவை எங்ஙனம் கலையும்?

அரசனுக்கும் உறக்கத்திற்கும் உள்ள இத்தொடர்பைத் தமிழர் இலக்கியத்திலும் ஒரு துறையாகப் போற்றினர். தொல்காப்பியப் புறத்திணையியலுள் பாடாண்டிணைக்கண் கண்படைநிலை என்னும் துறை ஓதப்பட்டது. அரசன் அவைக்கண் நெடிது தங்கியவழி, அமைச்சரும் மருத்துவரும் முதலாயினார் அவன் துயில்கோடலைக் கருதிக் கூறுவது அது என்பது நச்சினார்க்கினியர் உரையாற் பெறப்படும். அரசன் தன்னைத் தானே உறங்கு என்று ஏவிக்கொள்ளுதல் அத்துறையில் இல்லை. பிறர் வேண்ட, அவன் அமைகின்றான். கரணங்களை அமைச்சராகக் கூறிய மெய்கண்டார் உவமையையும் இத்துறையையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, உறக்கம் வாராதவனுடைய நிலை கண்படைநிலையின் மறுதலை என்பது விளங்கும். ஆண்டு அமைச்சர் அரசனை அவையினின்றும் விடுவிக்கின்றனர். ஈண்டு அவரே அவனை விடாது பற்றுகின்றனர்.

இனி ஓர் ஆசங்கை. ஐந்தவத்தையும் மலமறைப்பால் நிகழ்வன என்றாயின், சுழுத்தியும் மலத்தின் இருளேயன்றோ, அதனை விரும்புதல் சைவர்க்கு அழகோ எனின், அற்றன்று. சுழுத்தி வீடன்று என்பது உண்மை. அறிவு விளங்காது கிடத்தலின் அது கேவலத்தின் சாயலுடையது. ஆயினும் ஐந்தொழிலுள் அழித்தலும் அருளே என்றும், பிறந்திறந்து இளைத்த உயிர்களை இளைப்பாற்றுதலே அதன் கருத்தென்றும் சிவஞானசித்தியார் கூறும். பேரூழியில் உலகம் ஒடுங்குதல் எத்தன்மைத்தோ, நாள்தோறும் கருவிகள் ஒடுங்குதலும் அத்தன்மைத்து. ஒடுக்கம் உயிரின் தொழிலன்று, உயிர்க்கு வழங்கப்படுவது. உறக்கத்தை வீடாகக் கருதிப் போற்றுதலும் பிழை. மலமென்று வெறுத்துத் தள்ளுதலும் பிழை. அது நாடோறும் அளிக்கப்படும் இளைப்பாற்று என்று கொள்வதே நூற்கருத்து.

தூங்காது தூங்குதல் என்று அருளாளர் கூறும் நிலையை இவ்வுறக்கமின்மையோடு மயக்குவாரும் உளர். அந்நிலையில் கருவிகள் தத்தொழில் ஓய, அறிவு சிவத்தின்கண் விளங்கி நிற்கும். உறக்கமின்மையிலோ கருவிகள் ஓயாது உழல, அறிவு தன்னையே சுற்றி வருந்தும். அது சுத்தத்தின்பாற்பட்டது, இது சகலத்தின் மிகுதிப்பாடு. பெயரளவில் இரண்டும் துயிலாமையாயினும் பொருளளவில் ஒளியும் இருளும் போல்வன.

அன்பர் சிலர்பால் காணப்படும் பிறிதொரு பிழையும் சுட்டற்பாலது. துயிலச் செல்லுமுன் ஐந்தெழுத்தை எண்ணுதல் நன்மரபு. உறக்கத்தை வருவித்தற்கு ஒரு கருவியாக அதனைக் கொண்டு, நூறுமுறை ஓதினேன், உறக்கம் வந்திலது, இன்னும் நூறு ஓதுவேன் என்று கணக்கிடுதல் அம்மரபன்று. அது பொன்னைக் கொண்டு தவிடு கொள்ளுதல் போல்வது. அன்றியும், பயன் வந்ததோ என்று நொடிதோறும் நோக்கும் விதுப்பு அவ்வோதலுள் புகுந்து, ஓதலையும் கெடுத்து உறக்கத்தையும் கெடுக்கும். ஓதுவார் ஓதற்பொருட்டே ஓதுக. உறக்கம் வருமாயின் வருக; வாராதாயின் ஓதல் எஞ்சியிருக்கின்றது; அஃது இழப்பன்று.

இவ்வுண்மையை வேற்றுநாட்டு மருத்துவரும் தம் வழியாற் கண்டுள்ளனர். வியன்னா நகரத்து உளமருத்துவராகிய விக்டர் பிராங்க்ல் என்பார், உறங்க முயன்று வருந்துவாரை நோக்கி, உறங்க முயலாதீர், விழித்திருக்கவே முயல்மின் என்று கூறும் முறையைக் கையாண்டனர். முயற்சி மறுதலைப்பட்டவழி, உறக்கத்தைக் காவல் செய்துகொண்டிருந்த கருத்து தன் காவலை விட்டொழிகின்றது. அமெரிக்க உளநூலாராகிய ரிச்சர்டு பூட்சின் என்பார் 1972இல் வெளியிட்ட முறை, உறக்கம் வாராது கிடப்பவன் படுக்கையைவிட்டு எழுந்து வேறிடம் சென்று, உறக்கம் வருங்கால் மீண்டும் வருக என்பது. படுக்கையைப் போர்க்களமாக்காமற் காத்தல் அதன் கருத்து. இம்முறைகள் பெருமளவில் இன்றும் கையாளப்படுகின்றன. இருவரும் சிவஞானபோதத்தை நோக்கிக் கூறினாரல்லர். எனினும் முயற்சியே முட்டுப்பாடு என்னும் உண்மை யாண்டு ஆராயினும் ஒன்றாகவே புலப்படுகின்றது.

இவ்வாறு கூறியதனால், கண் மூடாமை யாவும் உள்ளத்தின் விதுப்பே என்று கொள்ளற்க. முகநரம்பு தளர்ந்தார்க்கு ஒருபுறத்து இமை மூடவே மாட்டாது. கழுத்துச்சுரப்பி நோயால் விழி முன்தள்ளப்பட்டார்க்கும் இமை பொருந்தாது. இவை மருத்துவர்பாற் செல்லுதற்குரியன. செல்லாது விடின் விழி உலர்ந்து புண்படும். நெடுநாள் உறக்கமின்மையும் அவ்வாறே மருத்துவர் ஆராயத்தக்கது. உடல்நோயைத் தத்துவத்தால் ஆற்றப்புகுதலும், கருத்தின் விரைவை மருந்தொன்றானே தீர்க்கப்புகுதலும் ஒருநிகரான மயக்கங்களே.

மீண்டும் போப்பையரின் பெயர்ப்பை நோக்குவாம். வேட்கை, விரைவு, எதிர்நோக்கு என்னும் மூன்றனையும் ஒருங்கே தாங்கிய விதுப்பு என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் காண்டல் அரிது என்பதில் ஐயமில்லை. அதிகாரப் பெயர் சுருங்கியிருத்தல் வேண்டுமாதலின், படிப்பார்க்கு எளிதில் விளங்கும் துயரத்தை அவர் கொண்டனர் போலும். ஒன்பதாங் குறளின் மொழிபெயர்ப்பில், காதலர் வாராதபோதும் உறக்கமில்லை, உள்ளபோதும் உறக்கமில்லை என்னும் இருபுடையையும் அவர் விடாது காத்தனர். குறளைப் பெயர்த்தவிடத்துத் தவறாதார், தலைப்பைப் பெயர்த்தவிடத்து வழுவினர் என்பதே முடிபு. ஆயினும் அவ்வழுவின் விளைவு சிறிதன்று. தலைப்பை மட்டும் பற்றிச் செல்லும் வேற்றுமொழியாளர், வள்ளுவனார் அழுகையைப் பாடினார் என்றே கொள்வர். அமைதியின்மையின் வேரைக் காட்டினார் என்று கொள்ளார். தமிழறிந்தாரும் இக்காலத்துத் துயரால் உறக்கம் போயிற்று என்றே சொல்லிப் பழகினமையின், தம் முன்னோர் இட்ட பெயரிலேயே காரணம் நிற்றலைக் காணாது கழிகின்றனர்.

சைவத் திருக்கோயில்களில் அர்த்தசாமத்தில் இறைவன் திருவடிகளைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, பள்ளியறை சேர்த்துப் பாடித் திருக்கதவம் அடைக்கும் வழிபாடு நிகழ்கின்றது. உறக்கமில்லாத முதல்வனுக்கே துயிலைப் பிறர் அளிப்பதாக அமைத்த மரபு அது. துயில் என்பது ஒருவன் தன்கண் தானே நிகழ்த்திக்கொள்வதன்று என்னும் உண்மையை, நூல் கல்லாதாரும் கண்ணாற் கண்டு உணருமாறு அவ்வழிபாடு உணர்த்துகின்றது. கதவடைத்த பின் அடியார் யாரும் இறைவன் துயின்றனனோ என்று புழைவழியே நோக்குவதில்லை. தம் பணி முடிந்தது என்று வீடு திரும்புகின்றனர்.

உதகையின் குளிரிலாயினும் சமவெளியின் புழுக்கத்திலாயினும், இரவில் கண்ணோடு வழக்காடுவார் அறியவேண்டுவதும் இவ்வளவே. இமையை மூடுதல் அவர் பணி. அது நொடியில் முடிவது. இமை திறப்பின் திறக்கட்டும்; அதனைப் பழித்தல் வேண்டா, அதன்மேற் காவல் வைத்தலும் வேண்டா. படுதல் கண்ணின் இயல்பு. படுவித்தல் அருளின் செயல். இடையே நிற்பது விதுப்பு ஒன்றே. அது நீங்கியவழி அமைச்சர் தாமே எழுந்து செல்வர், அவை கலையும், அரசன் உள்ளறை புகுவான்.